இந்த ரோமக் காசு முன்பு யார் கையில் இருந்தது? கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பழைய காசு சேர்க்கிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. விலை பற்றி இங்கே அதிகம் இல்லை. விலை சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஒரு காசு யார் யார் கைமாறி வந்தது, அதை எப்படித் தேடுவது, அது தெரியாமல் ஏன் வாங்கக்கூடாது என்பவற்றுக்குத்தான் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

இலங்கைக்கும் ரோமக் காசுக்கும் என்ன சம்பந்தம்?

பழைய சம்பந்தம். ரோம எழுத்தாளர் பிளினி முதலாம் நூற்றாண்டில் ஒரு கதை எழுதி வைத்திருக்கிறார். செங்கடல் வரியைக் குத்தகைக்கு எடுத்திருந்த அன்னியஸ் புளோகாமஸ் என்பவரிடம் அடிமையாக இருந்து விடுதலை பெற்ற ஒருவன், காற்றில் அடிபட்டு இலங்கைக் கரைக்கு வந்து சேர்ந்தான். அவனிடம் இருந்த டெனாரியஸ் வெள்ளிக்காசுகளை அரசன் வாங்கிப் பார்த்தான். காசுக்குக் காசு தலை வேறு, ஆனால் எடை எல்லாவற்றிலும் ஒன்றே. இவர்கள் நேர்மையான ஆட்கள் என்று முடிவு செய்து பேரரசர் கிளாடியஸுக்குத் தூது அனுப்பினானாம். கிளாடியஸ் ஆண்டது கி.பி. 41 முதல் 54 வரை.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் காலத்து வெள்ளி டெனாரியஸ் நம் மண்ணில் அரிது. இங்கே கிடைப்பதில் பெரும்பகுதி 4ஆம், 5ஆம் நூற்றாண்டுகளின் சின்னச் செப்புக்காசுகள். சீகிரியா, அநுராதபுரம், மாந்தை, திஸ்ஸமகாராமை, கந்தரோடை என்று பல இடங்களில் கிடைத்திருக்கின்றன. ஜோன் ஸ்டில் 1907இலும், கந்தரோடை பற்றிப் போல் பீரிஸ் 1917, 1919ஆம் ஆண்டுகளிலும் ராஜரீக ஆசியச் சங்க இலங்கைக் கிளையின் சஞ்சிகையில் எழுதினார்கள். ரோமக் காசைப் பார்த்து அந்தக் காலத்திலேயே இங்கு அடிக்கப்பட்ட பிரதிகளும் நிறைய உண்டு. அவற்றின் எழுத்து வெறும் கோடும் புள்ளியுமாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டுப் போலி என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள். எனக்கு அசலைவிட அவைதான் சுவாரசியம்.

காணியில் கிணறு வெட்டும்போது கிடைத்தது. காணி என்னுடையது, காசும் என்னுடையதுதானே?

இல்லை. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின்படி, காணி உங்களுடையது என்ற ஒரே காரணத்தால் அதில் கிடைத்த தொல்பொருள் உங்களுடையதாகாது. கண்டெடுக்கப்படாமல் மண்ணுக்குள் இருப்பது அரசுக்குச் சொந்தம். 1815 மார்ச் 2க்கு முற்பட்ட பொருள் என்பது சட்டம் வைத்த எல்லை. கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள் அது. ரோமக் காசு அந்த எல்லைக்கு ஆயிரம் வருடத்துக்கும் மேலே முந்தியது, ஆகவே வாதாட இடமே இல்லை.

கிடைத்தால் அறிவிக்க வேண்டும். அனுமதிப்பத்திரம் இல்லாமல் தோண்டக்கூடாது, நாட்டுக்கு வெளியே எடுத்துப் போகவும் கூடாது. புதையல் தோண்டப் போய்ப் பிடிபட்டவர்களின் செய்தி பத்திரிகையில் வந்துகொண்டேதான் இருக்கிறது. "மண்ணிலிருந்து இப்பதான் எடுத்தது, மலிவாகத் தாறன்" என்று யாராவது சொன்னால், நீங்கள் வாங்கக்கூடாததற்கான காரணத்தை அவரே சொல்லிவிட்டார்.

அப்பப்பாவின் தகரப்பெட்டியில் பத்துப் பதினைந்து சின்னச் செப்புக்காசு கிடந்தது. இப்போது என்ன செய்வது?

முதலில், கழுவாதீர்கள். தேசிக்காய், பழப்புளி, பிராசோ எதுவும் கிட்ட வரக்கூடாது.

பெட்டியை அப்படியே ஒரு படம் எடுங்கள். காசு சுற்றியிருந்த கடதாசி, கடித உறை, நூல் கட்டு எல்லாமே சாட்சி. சுற்றியிருந்தது பத்திரிகைத் துண்டு என்றால் அதில் திகதி இருக்கலாம். அந்தத் துண்டைக் குப்பையில் போட்டுவிட்டுக் காசை மட்டும் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம். அப்புறம் வீட்டில் மூத்தவர்களிடம் கேளுங்கள். அப்பப்பா எங்கே வேலை பார்த்தார்? மாந்தைப் பக்கம் உப்பளத்திலா, அநுராதபுரத்தில் ரயில்வேயிலா? பெரியத்தைக்கு நினைவிருப்பதை அவர் சொன்னபடியே, திகதி போட்டு எழுதுங்கள்.

பிறகு ஒரு காசைப் பகல் வெளிச்சத்தில் சரித்துப் பிடித்துப் பாருங்கள். பன்னிரண்டு மில்லிமீற்றர் குறுக்களவு, ஒரு கிராம் அளவு எடை, சட்டைப் பொத்தானைவிடச் சற்றுப் பெரிது. ஒரு பக்கம் வலப்புறம் பார்க்கும் தலை, தலையில் முத்துப் பட்டி, அதன் முடிச்சு பிடரியில் இரண்டு வாலாகத் தொங்கும். மறுபக்கம் சிறகுள்ள ஒரு பெண் தோளில் ஏதோ சுமந்துகொண்டு கைதி ஒருவனை இழுத்துப் போகிறாள் என்றால், அது வெற்றித் தெய்வம் விக்டோரியா. அந்த வகை 4ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கியது. மாலைக்குள் எழுத்து, வெறும் சிலுவை, நின்றுகொண்டிருக்கும் மூன்று பேரரசர்கள், இவையும் இங்கே காணப்படுகிறவைதான். அடியில் மூன்று நான்கு எழுத்து தெரிந்தால் அது அடித்த இடம்: அந்தியோக்கியா, அலெக்சாந்திரியா, கொன்ஸ்தாந்திநோபிள் போல.

இவ்வளவையும் குறித்துக்கொண்டு கொழும்பு 7இல் உள்ள தொல்பொருள் திணைக்களத்தில் கேளுங்கள். குடும்பத்தில் எப்போதிருந்து இருக்கிறது என்பதற்கு உங்கள் கையில் உள்ள ஒவ்வொரு தாளும் அங்கே உதவும்.

காசு உண்மையானது என்றால் போதாதா? முன்பு யார் வைத்திருந்தால் எனக்கென்ன?

புரூட்டஸ் அடித்த தங்கக்காசின் கதையைக் கேளுங்கள். யூலியஸ் சீசரைக் கொன்றவர்களில் ஒருவரான புரூட்டஸ், கி.மு. 42 அளவில் இரண்டு குத்துவாள்களும் நடுவில் விடுதலைத் தொப்பியும் பொறித்த காசு அடித்தார். அடியில் கொலை நடந்த மார்ச் 15ஐக் குறிக்கும் எழுத்து. தங்கத்தில் அந்த வகை விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான் உண்டு. 2020 ஒக்டோபரில் அதில் ஒன்று லண்டனில் ஏலம் போனது. கட்டணங்களோடு 32 லட்சம் பவுண் தாண்டியது. பழைய சுவிஸ் பிரபு ஒருவரின் சேகரிப்பிலிருந்து வந்தது என்று ஏலப்பட்டியலில் போட்டிருந்தார்கள். அது இட்டுக்கட்டிய கதை. 2023இல் ஏல நிறுவனத்தின் உரிமையாளர் நியூயோர்க்கில் கைதாகிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார், காசு கிரேக்கத்துக்குத் திரும்பியது.

கவனியுங்கள், அந்தக் காசு உண்மையானது. யாரும் அதைப் போலி என்று சொல்லவில்லை. வரலாறுதான் போலி. அத்தனை விலை கொடுத்தவருக்குக் காசு மிஞ்சவில்லை.

"பழைய ஐரோப்பியச் சேகரிப்பிலிருந்து" என்று வியாபாரி எழுதியிருக்கிறார். போதுமா?

போதாது. யாருடைய சேகரிப்பு, எந்த ஏலம், எந்தத் திகதி, எத்தனையாம் இலக்கம்? இந்த நான்கில் குறைந்தது இரண்டுக்காவது பதில் வேண்டும். கடைசியாக வாங்கிய பற்றுச்சீட்டு ஒன்று, அது பத்து வருடம் முந்தியதாக இருந்தாலும், இந்த மாதிரி வசனம் பத்தைவிட மேல்.

சரி, என் காசு முன்பு எந்த ஏலத்தில் போனது என்று எப்படித் தேடுவது?

முதலில் காசின் வகையைச் சரியாக அடையாளம் காண வேண்டும். பேரரசுக் காலத்துக் காசுக்கு ஆர்.ஐ.சி. என்ற பெரிய அட்டவணை இருக்கிறது. முதல் தொகுதி 1923இல் வந்தது. அதன் தகவல்களை அமெரிக்க நாணயவியல் சங்கம் 'ஓக்ரே' என்ற பெயரில் இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. ஆனால் பழைய ஏலப்பட்டியல்களில் ஆர்.ஐ.சி. எண்ணைத் தேடினால் ஒன்றும் கிடைக்காது, அவை அச்சான காலத்தில் அந்த எண்ணே இல்லை. அவர்கள் பயன்படுத்தியது பிரெஞ்சுக்காரர் ஹென்றி கோஹெனின் எண். 1880 முதல் 1892 வரை வந்த இரண்டாம் பதிப்புத்தான் அந்தக் காலத்து வியாபாரிகளின் கைப்புத்தகம். ஒவ்வொரு பேரரசருக்குக் கீழும் காசின் பின்பக்க எழுத்தை அகரவரிசைப்படி அடுக்கியிருப்பார். பேரரசர்களுக்கு முந்திய குடியரசுக் காலத்துக் காசென்றால், பாபெலோன் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரரின் அட்டவணை எண்.

உதாரணத்துக்கு, திபேரியஸின் டெனாரியஸ், பின்பக்கம் நாற்காலியில் இருக்கும் பெண். தமிழ்நாட்டுப் புதையல்களில் நிறையக் கிடைத்த வகை. ஆர்.ஐ.சி.யில் 30, கோஹெனில் 16. பழைய பட்டியலில் 'கோ. 16' என்று தேடினால்தான் மீன் சிக்கும்.

பட்டியல்களுக்கு எங்கே போவது? ஜெர்மனியின் ஹைடல்பர்க் பல்கலைக்கழக நூலகம் 1945க்கு முந்திய ஏலப்பட்டியல்கள் ஏராளத்தை இணையத்தில் ஏற்றியிருக்கிறது. அமெரிக்காவின் நியூமன் நாணயவியல் தளத்திலும் இலவசமாகப் பார்க்கலாம். 1921இலிருந்து இரண்டாம் உலகப்போர் வரை சுவிஸில் நடந்த நவீல், ஆர்ஸ் கிளாசிக்கா ஏலங்களிலிருந்து தொடங்குவது நல்லது, படங்கள் அருமை. வியன்னாவின் பிரான்ஸ் டிராவ் சேகரிப்பு 1935இல் ஏலம் போனது. பாட்டுக்காரர் கருசோவும் தங்கக்காசுப் பிரியர், அவர் இறந்த பிறகு 1923இல் அவருடைய காசுகள் நாப்போலியில் ஏலம் போயின. கருசோ வைத்திருந்த காசு என்று நிரூபித்தால் விலை எங்கேயோ போகும், அதனால் அந்த வசனம் கண்ட இடமெல்லாம் ஒட்டப்படுவதும் உண்டு.

2000க்குப் பிந்திய ஏலங்கள் 'ஏசி சேர்ச்', 'கொயின் ஆர்கைவ்ஸ்' போன்ற தேடுதளங்களில் அகப்படும். சிக்கல் நடுவில்தான். 1950 முதல் 1990 வரையான பட்டியல்களில் பல இன்னும் காகிதத்திலேயே இருக்கின்றன. காசின் தடம் பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் அறுந்துபோகும்.

ஒன்று சொல்லி வைக்கிறேன். சாதாரண வகைக் காசுக்குப் பழைய பட்டியலில் படம் போட்டிருக்க மாட்டார்கள். பத்துக் காசைக் குவித்து ஒரே இலக்கத்தில் விற்றிருப்பார்கள். ஆகவே திபேரியஸ் டெனாரியஸை 1900க்கு முன்னால் பின்தொடர முயல்வதைவிட, அரிய பின்பக்கம் உள்ள காசைத் தேடுவது புத்திசாலித்தனம்.

பட்டியலில் ஒரு படம் என் காசு மாதிரியே இருக்கிறது. அதுதானா?

இங்கேதான் ஆட்கள் அவசரப்படுகிறார்கள். ஒரே அச்சில் ஆயிரக்கணக்கான காசுகள் அடிக்கப்பட்டன. மூக்கு, தாடி, எழுத்தின் வளைவு எல்லாம் ஒத்துப்போனால் ஒரே அச்சு என்றுதான் பொருள், ஒரே காசு என்று பொருள் இல்லை.

அச்சு கொடுக்காத அடையாளங்களைத்தான் பார்க்க வேண்டும். அச்சு நடுவிலிருந்து எந்தப் பக்கம் விலகி விழுந்திருக்கிறது? சுற்றியுள்ள புள்ளி வட்டம் எந்த இடத்தில் காசுக்கு வெளியே போய்விட்டது? விளிம்பு எங்கே வெடித்திருக்கிறது, அந்த வெடிப்பு எந்த எழுத்துக்கு நேரே? கன்னத்தில் கீறல் உண்டா? இரண்டு பக்கத்துக்கும் இவை பொருந்த வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பொருந்தினால் கையை எடுத்துவிடுங்கள்.

இன்னொரு சங்கதி. போருக்கு முந்திய பட்டியல்களில் நீங்கள் பார்க்கும் படங்கள் பெரும்பாலும் காசின் படங்கள் இல்லை. காசிலிருந்து அச்செடுத்து, வெள்ளைச் சாந்தில் (பிளாஸ்டர்) வார்த்து, அந்த வார்ப்பைத்தான் படம் பிடித்தார்கள். எல்லாம் ஒரே வெள்ளையாக இருப்பது அதனால்தான். காசின் கறுப்பு, பச்சை, மினுக்கம் எதுவும் அதில் தெரியாது. வார்ப்பின் விளிம்பைச் சீவும்போது காசின் ஓர வடிவமும் கொஞ்சம் மாறியிருக்கலாம். அதனால் 'நிறம் வேறு' என்று தள்ளிவிடவும் வேண்டாம், 'ஓரம் அப்படியே' என்று துள்ளவும் வேண்டாம். உங்கள் காசின் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, விளக்கை இடப்பக்கம் மேலிருந்து அடித்து மறுபடியும் எடுங்கள். ஒப்பிடுவது பாதி லேசாகும்.

பட்டியலில் எடை போட்டிருந்தால் அதிர்ஷ்டம். பட்டியலில் 3.71 கிராம் என்று இருக்க உங்கள் தராசு 3.70 காட்டினால் சரி. 3.71 இருந்த இடத்தில் 3.58 காட்டினால், யாரோ நடுவில் சுரண்டியிருக்க வேண்டும், அல்லது அது வேறு காசு. அநேகமாக வேறு காசுதான்.

எடையைக் கொழும்பில் எங்கே பார்ப்பது?

செட்டியார் தெருவில் எந்த நகைக்கடையிலும் நூறில் ஒரு கிராம் வரை காட்டும் தராசு இருக்கும். முகம் பழகிய பத்தர் என்றால் ஒரு சதமும் வாங்கமாட்டார். ஆனால் காசைக் கொடுக்கும் முன்பே, "அண்ணே, உரைகல்லிலே உரைக்க வேண்டாம், அசிட்டும் விட வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். மஞ்சள் நிறத்தைக் கண்டால் அவருடைய கை தானாகக் கல்லுக்குப் போகும்.

தாள் ஒன்றும் இல்லை. காசிலேயே தடயம் இருக்குமா?

சில நேரம் இருக்கும். தலைக்கு மேலே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு துளை போட்ட தங்கக்காசு என்றால் தென்னிந்தியப் பக்கம் யாரோ கழுத்தில் போட்டிருந்தது என்று ஊகிக்கலாம். 1898இல் புதுக்கோட்டையில் கிடைத்த 501 தங்கக்காசுகளில் பலவற்றில் பேரரசரின் தலைக்குக் குறுக்கே உளியால் வெட்டிய தழும்பு இருக்கிறது. வெள்ளி டெனாரியஸில் சின்னப் பிறை, புள்ளி, எழுத்து மாதிரி குத்து இருந்தால் அது அந்தக் காலத்துப் பணமாற்றுக்காரர் போட்டது.

தங்கம் செம்புச் சிவப்பும் ஊதாவும் படர்ந்து மினுங்கினால், 'பொஸ்கோரியாலே' என்று வியாபாரி சொல்வார். கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை மூடிய தோட்டவீடு ஒன்றில் 1895இல் கிடைத்த புதையல் அது. ஏறக்குறைய ஆயிரம் தங்கக்காசு. அந்த நிறம் உண்மையிலேயே அழகு. ஆனால் நிறம் மட்டும் பத்திரமாகாது, அதைச் செயற்கையாகவும் வரவழைக்கலாம். அப்புறம், கி.பி. 79க்குப் பிறகு அடித்த காசுக்கு அந்தப் பெயரைச் சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள்.

இந்தியாவிலிருந்து கொண்டுவரலாமா? கரூரில் மலிவாம்.

கரூர் அமராவதி ஆற்று மணலில் ரோமக் காசு கிடைப்பது உண்மை. ஆனால் இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம், நூறு வருடத்துக்கு மேற்பட்ட காசைத் தனியார் நாட்டுக்கு வெளியே எடுத்துப் போக விடாது. திருச்சியிலிருந்து வரும் மாமா பெட்டிக்குள் முறுக்கோடு சேர்த்துக் கொண்டுவந்தால் அது கடத்தல்தான். வேண்டாம்.

லண்டன், சூரிச் ஏலங்களில் வாங்கித் தருவிப்பது எப்படி?

முறையாகச் செய்யலாம். ஏலக்காரரிடம் பற்றுச்சீட்டும், அந்த நாட்டின் ஏற்றுமதி அனுமதி தேவைப்பட்டால் அதன் பிரதியும் கேட்டு வாங்குங்கள். சுங்கத்தில் மறைக்காதீர்கள். நாணயவியல் சேகரிப்புப் பொருள் உலக சுங்க வகைப்பாட்டில் 9705 என்ற தலைப்பின் கீழ் வரும், அதை உறையில் எழுதச் சொல்லுங்கள். 'பொத்தான்', 'அன்பளிப்பு' என்று எழுதி அனுப்பினால் வரி கொஞ்சம் மிஞ்சலாம், ஆனால் இந்தக் காசு வெளியிலிருந்து வந்தது என்பதற்கான ஒரே சான்றை நீங்களே அழித்துவிடுகிறீர்கள். நாளைக்கு அதே காசோடு கட்டுநாயக்கவில் நிற்கும்போது, இது நம் மண்ணில் தோண்டியது இல்லை என்று எதை வைத்துக் காட்டுவீர்கள்? திரும்ப வெளியே எடுப்பதற்கு முன்னால் தொல்பொருள் திணைக்களத்தில் கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

சுற்றுலா இடங்களில் விற்கிறார்களே?

புதிதாக வார்த்தவைதான். ஓரத்தைச் சுற்றி ஒட்டுக்கோடு, மேற்பரப்பில் ஊசிமுனைக் குழிகள். ஒரே கீறலோடு ஒரே காசு இரண்டு தட்டுகளில் இருந்தால் இரண்டும் ஒரே அச்சுவார்ப்பில் பிறந்த சகோதரர்கள்.

வெள்ளவத்தைக் கடற்காற்றில் செப்புக்காசு பச்சை பூக்கிறது. என்ன செய்ய?

இறுகிய மினுமினுப்பான பச்சை என்றால் விடுங்கள், அது காசின் தோல். வெளிறிய பச்சைத் தூள், தொட்டால் உதிர்கிறது, அடியில் குழி என்றால் அது நோய்: உலோகத்துக்குள் இருக்கும் குளோரைட்டும் காற்று ஈரமும் சேர்ந்து தின்கின்றன. அந்தக் காசை உடனே தனியாக்குங்கள். காற்றுப் புகாத பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல் பை, அது நிறம் மாறும்போது மாற்றுங்கள். பி.வி.சி. பிளாஸ்டிக் உறை வேண்டவே வேண்டாம், வெக்கையில் ஒட்டும் பச்சைப் பசையாகக் கக்கும்.

கொழும்பில் எங்கே போய்ப் பார்க்கலாம், படிக்கலாம்?

1877இல் திறந்த தேசிய நூதனசாலை. கோட்டையில் மத்திய வங்கியின் பொருளாதார வரலாற்று நூதனசாலை. படிக்க, கொட்ரிங்டன் 1924இல் எழுதிய இலங்கைக் காசுகள் பற்றிய ஆங்கில நூல். இன்றைக்கும் முதலில் திறக்க வேண்டியது அதைத்தான். முன்னர் சொன்ன ஸ்டில், பீரிஸ் கட்டுரைகளுக்கு ராஜரீக ஆசியச் சங்க நூலகம்.

எல்லாம் தேடியாயிற்று, ஒன்றும் அகப்படவில்லை.

பெரும்பாலான காசுக்கு அப்படித்தான். கடைசியாக விற்றவர் பெயர், திகதி, விலை, அவ்வளவுதான் தேறும். அதை எழுதி வையுங்கள். தேடிய பட்டியல்களின் பெயர்களையும் எழுதுங்கள், அடுத்தவர் அதே இடத்தில் மீண்டும் தோண்ட வேண்டியதில்லை. காசின் விவரம் எழுதிய, வேறு வேறு காலத்துப் பழைய அட்டைகள் காசோடு வந்திருந்தால் எல்லாவற்றையும் வைத்திருங்கள், கையெழுத்தை வைத்தே வியாபாரியை அடையாளம் காண்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அட்டையைத் தமிழில் எழுதலாமா?

தாராளமாக. அடியில் ஒரு வரி ஆங்கிலத்திலும் போடுங்கள்: எடை, அட்டவணை எண், வாங்கிய இடம், திகதி. பென்சிலால் எழுதுங்கள். பேனா மை இந்த ஊர் ஈரத்தில் ஊறிப் பரவும்.